பிடியில் உடைந்தவை

முனைவர் பட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டுகிற காலம் வரும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். அந்தக் காலம் வந்துவிட்டது. சேலம் பேருந்து நிலையத்துத் தூணில், மூல வைத்தியத்துக்கும் மனை விற்பனைக்கும் நடுவே, மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தார்கள்.

‘பொருளறிவியல், பொறியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு வாய்ப்பு. நுழைவுத் தேர்வு இல்லை. வயது வரம்பு இல்லை. பதினெட்டு மாதத்தில் பட்டம் உறுதி. சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.’ அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி: ‘பொறுப்பு முனைவர் சட்டத்துக்கு உட்பட்டது.’

அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் யாரும் போவதில்லை. மிதுனா தாளைக் கிழியாமல் உரித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். புதிய உலோகங்களையும் கலவைகளையும் மனிதர்கள் கண்டுபிடிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. எல்லாம் இயந்திரம் செய்கிறது. எதை எதோடு எவ்வளவு சேர்த்து எந்தச் சூட்டில் உருக்க வேண்டும் என்று அது சொல்லும், நாம் செய்வோம். எஃகைவிட உறுதி, அலுமினியத்தைவிட லேசு. ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது, சொன்னாலும் நமக்குப் புரியாது. ஒருநாள் அப்படிச் செய்த மேம்பாலம் ஒன்று சரிந்தது. வழக்கு நடந்தது. கட்டியவர் வடிவமைத்தவரைக் காட்டினார், வடிவமைத்தவர் இயந்திரத்தைக் காட்டினார். இயந்திரத்தைச் சிறையில் அடைத்தால் அதற்கு என்ன வந்தது? ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அதனால் ஒரு சட்டம் வந்தது. இனி ஒவ்வொரு புதுப் பொருளையும் ஒரு மனிதர் படித்து, சோதித்து, ஆய்வேடு எழுதி, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று கையெழுத்திட வேண்டும். அவருக்கு முனைவர் பட்டம். அந்தப் பொருள் உடைந்து ஆள் செத்தால், காரணம் தெரியாவிட்டாலும் அவருக்கு ஏழு வருஷம்.

சட்டம் எழுதியவர்கள் விவரமானவர்கள். வழிகாட்டும் பேராசிரியர், ஆய்வு நிலையத்தின் இயக்குநர், பொருளை விற்கும் கம்பெனி எல்லோரையும் ஞாபகமாக வெளியே விட்டுவிட்டார்கள்.

மிதுனாவின் அண்ணன் லோகேஸ்வரன் அப்படிப் பட்டம் வாங்கியவன். அவன் கையெழுத்திட்ட பொருளுக்கு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கல்யாண மண்டபங்களின் அகலமான கூரையைத் தூணில்லாமல் தூக்கிப் பிடிக்கும் தொங்குகம்பி. மண்டபக்காரர்களுக்குத் தூண் என்றாலே ஆகாது, வீடியோவை மறைக்கும். ஆகவே அறுநூறு மண்டபங்களில் அதை மாட்டினார்கள். ஒன்று விழுந்தது, ஒரு வரவேற்பின்போது, பந்தி நடந்துகொண்டிருக்கையில். முப்பத்தொரு பேர். அண்ணன் உள்ளே போய் நாலு வருஷம் முடிந்துவிட்டது, மற்ற மண்டபங்களில் கம்பி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. உடைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்து, அந்தக் காரணம் கையெழுத்திட்டவர் பார்த்திருக்கக்கூடியது அல்ல என்று நிரூபித்தால் விடுதலை. காரணத்தைத்தான் யாரும் தேடவில்லை. அண்ணனை வெளியே கொண்டுவர வேண்டும். மிதுனாவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த இயற்பியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, அண்ணன் படித்த அதே ஆய்வு நிலையத்துக்கு, அவனுக்கு வழிகாட்டிய அதே தணிகாசலம் சாரிடம் போய் நின்றாள்.

தணிகாசலம் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். விண்ணப்பத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“உங்கண்ணனுக்கு நடந்தது பத்தலையாம்மா?”

“சீட்டு இருக்குங்களா சார், இல்லீங்களா?”

“சீட்டுக்கென்ன, எத்தன வேணாலும் இருக்குது. ஆள்தான் இல்ல.” பெருமூச்சு விட்டார். “முந்நூத்துப் பத்தொம்பது இருக்குது. எடுத்துக்கிறயா?”

எடுத்துக்கொண்டாள். அதுவும் தொங்குகம்பிதான். இருநூற்றுப் பன்னிரண்டுக்குத் தம்பி மாதிரி, அதே வம்சத்தில் வந்தது.

சோதனைக் கூடத்து வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரல் கனத்தில் ஒரு கம்பி. அதன் இரண்டு முனைகளையும் இழுவை இயந்திரத்தின் இரண்டு பிடிகள் கவ்விக்கொள்ளும். பிறகு இழுக்கும். எவ்வளவு பலத்தில் உடைகிறது என்பதைத் திரை காட்டும். அந்த எண்ணை ‘பெரியவருக்கு’ அனுப்ப வேண்டும். பெரியவர் என்பது இயந்திரத்துக்கு அங்கே வழங்கும் பெயர். பெரியவர் சொல்லிட்டார், பெரியவர் கேட்கிறார் என்று மாமனாரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். பெரியவர் அந்த எண்களையெல்லாம் வைத்துக்கொண்டு அடுத்த பொருளை இன்னும் உறுதியாகச் செய்வார்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் வருவதற்கு முன்னாலிருந்தே, உலகமெங்கும், பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம். கம்பி நடுவில் உடைந்தால்தான் கணக்கு. பிடி கவ்வியிருக்கும் இடத்தில் உடைந்தால் கணக்கில்லை. பிடி அழுத்திக் கடித்துவிட்டது, அது பொருளின் குற்றமல்ல என்று அர்த்தம். அந்தத் துண்டைக் கழிவுத் தொட்டியில் போட்டு, கழிவுப் பதிவேட்டில் ‘பிடி உடைவு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு கம்பியை மாட்ட வேண்டும். கழிவு எடைக்குப் போவதால் அந்தப் பதிவேடு மட்டும் இன்னும் காகிதத்தில் இருந்தது. பெரியவருக்கு அது போகாது. எதற்குப் போக வேண்டும்?

முந்நூற்றுப் பத்தொன்பது பிடியில் உடைந்துகொண்டே இருந்தது. பத்துக்கு நாலு. மிதுனா பிடியைத் தளர்த்திப் பார்த்தாள், ரப்பர் வைத்துப் பார்த்தாள். புதுப் பிடி வரவழைத்தார்கள். ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தில் தோய்த்துப் பிழிந்தும் பார்த்தார்கள். பத்துக்கு நாலு குறையவில்லை. நடுவில் உடைந்த ஆறும் அபாரமான எண்களைக் காட்டின. எஃகைவிட மூன்று மடங்கு.

ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, தேநீர் கொண்டுவருகிறவருக்காகக் காத்திருந்தபோது, உடைந்த துண்டொன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தாள். சோதனைக் கூடத்தின் விளக்குச் சட்டம் கம்பிகளில் தொங்கியது. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு நட்டு, இறுக்கிக் கவ்விக்கொண்டு.

பிடிக்காமல் எந்தக் கம்பி தொங்கும்?

தேநீர் வந்ததையும் ஆறிப்போனதையும் அவள் கவனிக்கவில்லை. பழைய கழிவுப் பதிவேடுகள் மாடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எட்டு நாள் தூசியில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பிடி உடைவு என்று எண்ணினாள். பெரியவர் வருவதற்கு முன்னால் நூற்றுக்கு இரண்டு. பெரியவரின் பத்தாவது பொருளில் நூற்றுக்கு மூன்று. நூறாவதில் ஒன்பது. இருநூறில் பத்தொன்பது. முந்நூறில் முப்பத்தாறு. ஒரு தடவைகூட இறங்கவில்லை.

அண்ணனின் பதிவேட்டை அவள் அதுவரை திறக்கவில்லை. எதற்கு வம்பு என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். அதற்குள் விஷயம் புரிந்து, படியிறங்கி நேராகத் தணிகாசலத்திடம் ஓடினாள்.

“சார், பெரியவர் உறுதியா பண்றதே இல்லீங்க சார். நம்ம கண்ணுல படாம பண்றாருங்க.”

“நிதானமா சொல்லும்மா.”

“ஒரு பொருள்ல பலம் ஏறுனா எங்கயாச்சும் ஒரு பலவீனமும் சேரும். நடுவுல பலவீனம் வந்தா எண் கொறையும், அதப் பாத்து அந்த வழிய விட்டுருவாரு. பிடியில பலவீனம் வந்தா? அந்தக் கம்பிய நாம தூக்கிப் போட்டுர்றோம். அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த வழி அவருக்கு நல்ல வழியா தெரியுது. முந்நூறு தடவ இப்படியே போய், இருக்குற பலவீனத்தையெல்லாம் கொண்டுபோய் நாம பாக்காத எடத்துல சேத்து வெச்சிருக்காரு. இறுக்கிப் பிடிச்ச எடத்துல.”

“வேணும்னு செஞ்சிருக்குங்கறயா?”

“வேணும்னெல்லாம் இல்லீங்க. நாமதான் கத்துக் குடுத்தோம். மண்டபத்துல கம்பிய நட்டு போட்டு இறுக்கித்தானே மாட்டுவாங்க? ஆளுங்க தலைக்கு மேல, அதே எடத்துல.” மூச்சு வாங்கினாள். “அண்ணன் எப்படிங்க இதைப் பாத்திருக்க முடியும்? ஒரு பொருள மட்டும் பாத்தா இது தெரியாது. முந்நூறையும் வரிசையா பாத்தாத்தான் தெரியும். அண்ணன வெளிய எடுத்துரலாம் சார்!”

தணிகாசலம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்கு இது புதுச் செய்தியல்ல என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

“இருநூத்துப் பன்னெண்டு பதிவேட்டப் பாத்தயா?”

“இன்னும் இல்லீங்க.”

“பாத்துட்டு வா. அப்புறம் எங்கிட்ட எதும் சொல்ல வேண்டாம். நான் இதெல்லாம் பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சும்மா.”

போய்ப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்றெழுபது கம்பிகள் சோதிக்கப்பட்டிருந்தன. முப்பத்தொன்பது பிடி உடைவுகள். ஐந்தில் ஒன்றுக்கு மேல். ஒரே பொருளில் அத்தனை உடைவு இருந்தால், முந்நூறையும் வரிசையாகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த முட்டாளும் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அண்ணனின் சுருக்கொப்பம். மேலே, வரிவரியாக, தேதி போட்டு, அழகாக, ‘பிடி உடைவு’, ‘பிடி உடைவு’, ‘பிடி உடைவு’ என்று எழுதியிருந்தது அண்ணன் கையெழுத்தல்ல. ‘உ’வைச் சுழித்துக் கீழே வாலை நீட்டும் பழக்கம் அவர்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

எம்.எஸ்ஸி. முதல் வருஷ விடுமுறை. அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், வா என்று அண்ணன் ஆறு வாரம் அழைத்து வந்திருந்தான். கம்பியை மாட்டுவதும் கழற்றுவதும் குறித்து வைப்பதும் அவள் வேலை. பிடியில் உடைந்தால் எண்ணாதே என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவளும் எண்ணவில்லை. அந்த ஆறு வாரத்தில் அவளுக்கு நினைவிருந்தது மதியத்தில் இருவரும் பங்குபோட்டுக்கொண்ட எலுமிச்சைச் சாதமும், சான்றிதழில் பெயரைத் தப்பாக அடித்ததும்தான்.

சட்டத்தில் இதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. காரணம் பதிவேட்டிலேயே இருந்து, பார்த்தும் பாராமல் விட்டிருந்தால், ஆள் செத்தாலும் சாகாவிட்டாலும் பன்னிரண்டு வருஷம். கையெழுத்திட்டவருக்கு அல்ல. ‘குறிப்பை எழுதிய கை எவருடையதோ அவருக்கு.’ கையெழுத்திட்டவர் வெளியே வந்துவிடலாம்.

அண்ணனை வெளியே கொண்டுவரும் வழி அவளுக்குக் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை காலை சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் லோகேஸ்வரன் சிரித்துக்கொண்டே வந்தான். சிறை அடுமனையில் வேலை, முழங்கை வரை மாவு. “சாப்ட்டயா பாப்பா? முகமே சரியில்ல.”

“இருநூத்துப் பன்னெண்டு கழிவுப் பதிவேட்டப் பாத்தேண்ணா.”

சிரிப்பு நின்றது. “எது?”

“நடிக்காத.”

அவன் பின்னால் திரும்பிக் காவலரைப் பார்த்துவிட்டு வலையருகே குனிந்தான். “கோர்ட்டுல மூணாவது நாளே தெரியும். உடைஞ்ச கம்பிங்க போட்டோவக் காட்டுனாங்க. அத்தனையும் நட்டு வாயில உடைஞ்சிருந்துச்சு. நீ குறிச்சு வெச்சதெல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு.”

“அன்னிக்கே சொல்லிருந்தா நீ வெளிய இருந்திருப்ப.”

“நீ உள்ள இருந்திருப்ப. உனக்கு அப்ப இருவத்தஞ்சு வயசு. இன்னும் மூணு வருசந்தான். கண்ண மூடித் தொறந்தா போயிரும். அந்தப் பதிவேட்ட எடைக்குப் போட்டுரு பாப்பா. தணிகாசலம் சார் வாயத் தொறக்க மாட்டாரு. அம்மாவுக்கும் நீதான் இருக்க.”

“அறுநூறு மண்டபம் இருக்குதுண்ணா.”

“நாலு வருசமா ஒண்ணுதான் விழுந்துருக்குது.”

அதைச் சொன்னவன் தன் அண்ணன்தானா என்று மிதுனாவுக்குச் சந்தேகம் வந்தது. சின்ன வயதில் நாய்க்குட்டி லாரியில் அடிபட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன். இப்போது அவளுக்காக அறுநூறு கூரைகளின் கீழ் நிற்கும் ஜனங்களைச் சீட்டுக்கட்டுபோல் ஒதுக்கி வைக்கிறான். ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. வலை இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

“அந்த முப்பத்தொரு பேரு உனக்கு ஞாபகம் வர்றதே இல்லியா?”

“அத்தன பேரும் எனக்குத் தெரியும். பேரு, வயசு, எல்லாம்.” அவன் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு ஒட்டியது. “அவங்கள நெனச்சுத்தான் தெனமும் எந்திரிக்கிறேன். ஆனா நீ எனக்கு ஒருத்திதான பாப்பா.”

மணி அடித்துவிட்டார்கள்.

திரும்பி வரும் பேருந்து ஒரு மண்டபத்து வாசலில் நெரிசலில் நின்றது. வாழைமரம், சீரியல் செட், செண்டை மேளம். ஏன் இறங்கினோம் என்று அவளுக்கே தெரியாது. செருப்போடு உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பொன்வண்ணம் பூசிய தொங்குகம்பிகள், வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை. எல்லாம் அண்ணன் கம்பி, பளபளவென்று. கீழே குழந்தைகள் பலூனுக்கு அடித்துக்கொண்டிருந்தன. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு இங்கயே நின்னுட்ட? பந்தி போட்டாச்சு, வா. பொண்ணு வீடா, மாப்ள வீடா?”

மிதுனா பதில் சொல்வதற்குள் இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் இனிப்பு விழுந்தது, பொரியல் விழுந்தது, சோறு விழுந்தது. பக்கத்தில் ஒரு தாத்தா சோற்றில் ரசத்துக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தாய், குழந்தைக்கு அப்பளத்தை நொறுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள். மிதுனாவால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. இத்தனை பேரையும் ஒரு பதிவேட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு எந்த வீட்டில் போய், எந்தச் சோற்றைத் தின்பது? இலையை மூடிவிட்டு எழுந்தாள். அந்த அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது.

ஆய்வேட்டை இருபது நாளில் எழுதினாள். எண்பது பக்கம். கடைசி இணைப்பாகத் தன் கையெழுத்திலிருந்த பதிவேட்டுப் பக்கங்களைச் சேர்த்தாள். கீழே, ‘இதை எழுதிய கை என்னுடையது’ என்று எழுதி ஒப்பமிட்டாள். தணிகாசலம் முகப்புத் தாளில் வழிகாட்டியாகத் தன் பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. பிரதி ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று செய்தித்தாள்களுக்கு.

அப்புறம் எல்லாம் சட்டப்படி வேகமாக நடந்தது. மண்டபங்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். மொட்டை மாடிகளிலும் கோயில் வளாகங்களிலும் கல்யாணம் நடந்தது, ஜனங்கள் அவளைத்தான் திட்டினார்கள். லோகேஸ்வரன் வெளியே வந்தான், மிதுனா உள்ளே போனாள். வாசலில் அவன் அவளைப் பார்க்க மறுத்து, போலீஸ் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதான். மனிதர் தானாகவே கண்டுபிடித்த ஆய்வு இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று தேர்வுக்குழு பாராட்டியது. பட்டச் சான்றிதழ் சிறை முகவரிக்குப் பதிவுத் தபாலில் வந்தது.

நிலையத்தில் விதியைத் திருத்தினார்கள். இனிமேல் ஒரு கம்பியையும் கழிக்கக் கூடாது, பிடியில் உடைந்தாலும் கணக்கு. மாடியில் கிடந்த மூட்டைகளைப் பிரித்து, எல்லாப் பிடி உடைவுகளையும் பெரியவருக்கு ஊட்டினார்கள். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. புதிய வம்சம் ஒன்றைத் தொடங்கினார், பழையபடி ஒன்றன்பின் ஒன்றாக, இந்தத் தடவை இன்னும் வேகமாக.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் மிதுனாவைப் பார்க்க ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் ஆஃப்ரின், கிருஷ்ணகிரிப் பக்கம். இருபத்துநாலு வயது இருக்கும். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் நானூத்து அறுவதுக்குப் பொறுப்பு முனைவர். சித்திரையில பட்டம் வாங்கினேன். உங்க ஆய்வேட்டைப் படிச்சுட்டுத்தான் இந்தத் துறைக்கே வந்தேன். உங்கள ஒரு தடவ பாத்துரணும்னு…” வெட்கப்பட்டாள். “வீட்ல எல்லாரும் வேண்டாம்னாங்க. நான்தான், இனிமே பயமில்ல, மிதுனா அக்கா எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னேன்.”

மிதுனாவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளில் யாரும் அவளிடம் கம்பியைப் பற்றிப் பேசவில்லை. “நானூத்து அறுவது எப்படி?”

“எஃகு மாதிரி அஞ்சு மடங்குக்கா! நடுவுலயும் உடையாது, பிடியிலயும் உடையாது. பழசைக் கழட்டுன அறுநூறு மண்டபத்துலயும் இதத்தான் மாட்டிட்டாங்க. இந்த ஆவணியில எல்லாத்தையும் தொறந்துட்டாங்க. இப்பப் பள்ளிக்கூடங்களுக்கும் கேக்கறாங்க.”

“எதையாச்சும் கழிக்கிறீங்களா?”

“ஒண்ணுகூடக் கழிக்கறதில்ல. உங்க விதிதானே! அத்தனையும் பெரியவருக்குப் போயிரும்.” பிறகு, நேர்மையான பெண், யோசித்துச் சொன்னாள். “மழை நாள்ல மட்டும் மெஷினை ஓட்ட மாட்டோம். கூடத்துல ஈரப்பதம் ஏறிட்டா எண்ணு தப்பா வரும்ல? அது எப்பவும் இருக்கற வழக்கம். என்னுதுல ஒரு தடவ, ஓடிட்டிருக்கறப்பவே மழை புடிச்சுக்கிச்சு. ஏசியும் நின்னுருச்சு. அன்னிக்கு மாட்டுன ஆறு கம்பியும் பாதி பலத்துலயே போயிருச்சு. வெதர் சரியில்லன்னு ஓரமா குறிச்சு வெச்சுட்டு, வெயில் வந்ததும் வேற ஆறு போட்டேன்.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசி, முகூர்த்த மாதம்.

மிதுனா தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். பெரியவர் இதுவரை மழையையே பார்த்ததில்லை, பலவீனத்தையெல்லாம் இந்தத் தடவை அதில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். எண் தப்பாக வரவில்லை, சரியாகத்தான் வந்திருக்கிறது.

“குறிச்சது யாரு?”

“நான்தாங்கக்கா. என் கைப்பட.”

“யார்கிட்டயாச்சும் சொன்னயா?”

“இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது?”

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டால் போதும். இந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஏதாவது ஒரு கூரை விழுந்தாலும் ஏழோடு போகும், காரணம் யாருக்கும் தெரியாது. காரணத்தைச் சொன்னால், குறித்த கைக்குப் பன்னிரண்டு. மிதுனா அந்த முகத்தைப் பார்த்தாள், கன்னத்தில் மழைத்தண்ணீர் இன்னும் காயவில்லை. கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு அண்ணன் என்ன பாடுபட்டிருப்பான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவனை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்கலாம் போலிருந்தது. அதற்காக அவனைப்போல் செய்ய முடியவில்லை.

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிசந்தாம்மா இருக்குது.”

“ஆஃப்ரின், நோட்டு வெச்சிருக்கயா?”

“இருக்குதுங்கக்கா!”

“உக்காரு. நான் சொல்றத ஒரு வரி விடாம எழுதிக்கோ. அந்த மழை நாள்லருந்து தொடங்கு.”

தான் மதிக்கும் ஆராய்ச்சியாளர் தனக்குப் பாடம் சொல்லித்தரப்போகிறார் என்ற சந்தோஷத்தில் ஆஃப்ரின் குடையைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து, ஒரு புதுப் பக்கத்தில் தன் பெயரை எழுதித் தேதி போட்டாள்.